யாரும் நிறுத்தச் சொல்லாத சிப்

சின்ஜூ,
14 மார்ச் 2023

போஜென்,

நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் படிப்பதும் இல்லை. உன் மனைவியிடம் கெஞ்சித்தான் இந்த முகவரியை வாங்கினேன். அவள் மேல் கோபப்படாதே. காவ்சியுங்கில் கல்லூரிக்காரர்கள் உனக்குக் கொடுத்திருக்கும் வீட்டில் நல்ல கடற்காற்று வருகிறதாம். சின்ஜூவில் இல்லாத காற்றா என்று கேட்க வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அன்று நீ கதவை அறைந்துவிட்டுப் போன அரை மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நம் மிங்ஹே கம்பெனியில் நூற்றுக்கு இருபது பங்கு இனி ஹாவ்தெங்குக்கு. பதினோரு வருடமாக யாரை எதிர்த்துச் சிப் செய்தோமோ, அவர்களையே வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டேன் என்பதுதானே உன் கோபம்? சரி. ஆனால் நான் இருந்த இடத்தில் நீ இருந்து பார்.

நாம் வரைந்த இரண்டாவது சிப்பை வார்த்துக் கொடுக்க வெளி ஆலையில் இடம் கிடைக்கவில்லை. பெரிய கம்பெனிகளே வரிசையில் நிற்கின்றன, நம்மை யார் மதிப்பார்கள்? பதினான்கு மாதம் கழித்து வா என்றார்கள். டிசம்பரில் கடன் பேச வந்த வங்கிக்காரர் ஊற்றிவைத்த தேநீரைத் தொடாமல் எழுந்து போனார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நீ அப்போது மேல்மாடியில் மூன்றாவது சிப்பை வரைந்துகொண்டிருந்தாய். உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தேன். ஹாவ்தெங் சொன்னால் ஆலை நாளைக்கே இடம் கொடுக்கும்.

எல்லார் முன்னாலும், "படம் வரையறவனுக்குச் சம்பளம் எங்கிருந்து வருதுன்னு என்ன தெரியும்" என்று சொன்னது என் தவறு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கையெழுத்துக்கு இல்லை.

திரும்பி வா. உன் அறையை யாருக்கும் கொடுக்கவில்லை.

சியூயுன்

*

காவ்சியுங்,
2 ஏப்ரல் 2023

மதிப்பிற்குரிய தலைவர் பெங் சியூயுன் அவர்களுக்கு,

விலகல் படிவங்களில் கையெழுத்திட்டு இணைத்திருக்கிறேன். அறையை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

இத்தோடு நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தேன். முடியவில்லை.

அக்கா, நீங்கள் விற்றதைவிட எனக்குச் சொல்லாமல் விற்றதுதான் பொறுக்கவில்லை. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நான் முதல் வருடம் சேர்ந்தபோது சாலிடர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது நீங்கள். ஸ்கூட்டர் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே இரண்டு மேசை போட்டு மிங்ஹேயைத் தொடங்கியபோது எதிரே உட்கார்ந்திருந்தது நான். அந்த நான், உணவுக்கூடத்தில் தட்டை ஏந்தி நிற்கும்போது, பின்னால் நின்ற பையன் யாருடனோ பேசுவதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

தாவ்யுவானில் சர்வர் செய்யும் நிறுவனத்தின் கொள்முதல் மேலாளர், யே அண்ணன், நினைவிருக்கிறாரா? சந்தையில் பத்துச் சிப் விற்றால் ஒன்பது ஹாவ்தெங்குடையது. அவரும் அவர்களிடம்தான் வாங்கினார். ஆறு வருடத்தில் நம்மிடம் நூறு சிப்கூட வாங்கியிருக்க மாட்டார். ஆனால் ஹாவ்தெங்கின் ஆள் விலை பேச வரும்போதெல்லாம் நம் மாதிரிச் சிப்பைத் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் எடுத்துவைப்பார். ஒரு முறை நானே கேட்டேன், ஏன் அண்ணா வாங்காமல் வெறுமனே காட்டுகிறீர்கள் என்று. "உன் சிப்பு எங்க வீட்டு நாய் மாதிரி, தம்பி. கடிக்கவே வேணாம். வாசல்ல படுத்திருந்தாப் போதும்" என்றார். அந்த நாய்க்கு இனிமேல் சோறு வைப்பது யார் என்று வருகிறவனுக்கும் தெரியும்.

பிப்ரவரியில் ஜூபேய் விருந்தில், அது எதற்கான விருந்து என்று தெரியாமலே, நானும் இருந்தேன். ஹாவ்தெங்கின் துணைத்தலைவர் தூ, மீனின் கன்னச் சதையை மரியாதையாக எடுத்து உங்கள் கிண்ணத்தில் வைத்துக்கொண்டே கேட்டார்: "உங்க மூணாவது சிப்பு எப்ப வருது? ரெண்டு பேரும் ஒரே ரோட்டுல எதுக்கு முட்டிக்கணும்?" நீங்கள் சிரித்தீர்கள். நான் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டேன்.

இந்த முதலீடு போட்டியைக் கெடுக்குமா என்று அரசு ஆணையம் விசாரிக்கிறது. என்னையும் தைபேக்கு அழைத்திருக்கிறார்கள், இருபதாம் தேதி. கேட்டால் சொல்வேன்.

சுவாங் போஜென்

*

சின்ஜூ,
9 ஏப்ரல் 2023

போஜென்,

தலைவர் பெங் என்று எழுதியிருந்ததைப் படித்து, யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்துவிட்டேனோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன்.

நான் சிரித்தது உண்மை. முதலீடு தருகிறவன் என் கிண்ணத்தில் மீனை வைக்கிறான், சிரிக்காமல் அழவா முடியும்? வீட்டுக்குப் போய் அழுதேன். அதை நீ பார்த்திருக்க மாட்டாய்.

தூ சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நீ சொல்ல வேண்டாம். இதைக் கேட்கக் கூடாதுதான். நம் வக்கீலுக்குத் தெரிந்தால் என்னைக் கொன்றுவிடுவார். இருந்தாலும் கேட்கிறேன். அந்த வாக்கியம் பதிவானால் ஆணையம் முதலீட்டை நிறுத்திவிடும். நிறுத்தினால் ஜூன் மாதம் கடையைச் சாத்த வேண்டும். நூற்று அறுபது பேரில் பாதிப் பேர் ஹாவ்தெங்கை விட்டு நம்மிடம் வந்தவர்கள். போனவர்களை அவர்கள் திரும்பச் சேர்ப்பதில்லை. சோதனைக்கூடத்து ஷூஃபென்னுக்கு வயது ஐம்பத்து நான்கு. நீதான் அவளிடம் போய்ப் பேசி, அங்கிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தாய். இனி அவளை யார் வேலைக்கு எடுப்பார்கள்? நேற்று என்னிடம் வந்து, "நம்ம கம்பெனி இருக்கும்ல, தலைவரே?" என்று மட்டும் கேட்டாள். இருக்கும் என்றேன்.

மூன்றாவது சிப் நிற்காது. நான் அந்த நாற்காலியில் இருக்கும்வரை அதை யாரும் தொட முடியாது. நகரக் காவல் தெய்வத்தின் கோயிலுக்குப் போய்ச் சத்தியம் செய்ய வேண்டுமென்றாலும் செய்கிறேன்.

சியூயுன்

*

காவ்சியுங்,
23 ஏப்ரல் 2023

அக்கா,

போய்வந்தேன்.

பெரிய அறை என்று நினைத்திருந்தேன். நம் பழைய சரக்கறை அளவுதான். யாவ் என்ற இளம் அதிகாரி, முப்பது வயதுகூட இருக்காது. சிப்பைப் பற்றி நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தாள். நம் இரண்டாவது சிப் ஹாவ்தெங்குடையதில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் ஓடும் என்பதை நான் சொல்வதற்கு முன் அவளே சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

ஒரு மணி நேரம் பொதுவாகப் பேசினோம். பிறகு கேட்டாள்: "உங்களோட மூணாவது சிப்பு எப்ப வருதுன்னு ஹாவ்தெங் தரப்புல யாராவது விசாரிச்சாங்களா? அதை நிறுத்துறதைப் பத்தி, தள்ளிவைக்கிறதைப் பத்தி ஏதாவது பேச்சு வந்துச்சா?"

நான் ரயிலில் வரும்போது அந்த வாக்கியத்தை எத்தனை முறை சொல்லிப் பார்த்தேன் தெரியுமா? மீன், கிண்ணம், எல்லாம் வரிசையாக இருந்தது. அவள் கேட்டதும் ஷூஃபென் என் கண் முன்னால் வந்து நின்றாள்.

"ஞாபகம் இல்லை" என்றேன்.

யாவ் பேனாவைக் கீழே வைக்கவில்லை. "அவசரமில்ல, பேராசிரியர். நல்லா யோசிச்சுப் பாருங்க" என்றாள். நான் தண்ணீர் குடித்தேன். பிறகு, ஞாபகம் இல்லை என்றே எழுதிக்கொண்டாள்.

நீங்கள் கேட்டதைச் செய்துவிட்டேன். இதற்கு நன்றி சொல்லி எழுதிவிடாதீர்கள், தயவுசெய்து. மூன்றாவது வரட்டும். அது போதும்.

போஜென்

*

சின்ஜூ,
2 அக்டோபர் 2023

போஜென்,

நீ சொன்னபடி நன்றி சொல்லவில்லை. அதனால்தான் ஐந்து மாதம் எழுதவும் இல்லை. வேறு எதை எழுத உட்கார்ந்தாலும் அதுவே வந்தது.

போன மாதம் அனுமதி வந்துவிட்டது, நிபந்தனைகளோடு. நம் இயக்குநர் குழுவில் ஹாவ்தெங்குக்கு இடம் கிடையாது, ஒரு பார்வையாளர் மட்டும் வரலாம். நம் தொழில்நுட்ப ரகசியங்கள் அவர்கள் பக்கம் போகக் கூடாது. நாம் யாரிடம் என்ன விலைக்கு விற்கிறோம் என்பதில் அவர்கள் தலையிடக் கூடாது. நீ எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பாய்.

ஆலையில் இடம் கிடைத்துவிட்டது. இரண்டாவது சிப் நவம்பரில் வெளியே வருகிறது. நிலாப் பண்டிகைக்கு வாகன நிறுத்தத்தில் அடுப்பு மூட்டி எல்லாரும் இறைச்சி வாட்டினோம். ஷூஃபென் பம்பளிமாஸ் பழத் தோலை உரித்துத் தொப்பி மாதிரி என் தலையில் கவிழ்த்துவிட்டாள். பத்து மாதத்துக்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டேன்.

மூன்றாவது சிப் ஒரு காலாண்டு தள்ளிப்போகிறது. பயப்படாதே, ஆள் பற்றாக்குறைதான். ஹாவ்தெங்கோடு சேர்ந்து ஒரு கூட்டுத் திட்டம் தொடங்கியிருக்கிறோம். அதற்குப் பன்னிரண்டு பேரைக் கொடுத்திருக்கிறேன், தற்காலிகமாக.

ஜனவரியில் ஆண்டு நிறைவு விருந்துக்கு வா. உன்னை மேடைக்குக் கூப்பிட மாட்டேன்.

சியூயுன்

*

காவ்சியுங்,
19 பிப்ரவரி 2024

அக்கா,

விருந்துக்கு வராததற்கு மன்னியுங்கள். சந்திரப் புத்தாண்டு வாழ்த்துகள்.

புத்தாண்டு நான்காம் நாள் யே அண்ணன் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டார். நலம் விசாரித்தார், என் மகளின் படிப்பைப் பற்றிக் கேட்டார், பிறகு விஷயத்துக்கு வந்தார். ஹாவ்தெங் விலையை ஏற்றிவிட்டார்களாம். வழக்கம்போல நம் சிப்பை எடுத்து மேசையில் வைத்திருக்கிறார். வந்தவன் முன்பெல்லாம் அதைப் பார்த்தால் உடனே தலைமையகத்துக்குப் போன் போட்டு விலையைக் குறைப்பான். இந்த முறை அதைக் கையில் எடுத்து, புரட்டிப் பார்த்து, "நல்ல சிப்பு சார், நாங்களே பணம் போட்டிருக்கோம்ல" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தானாம்.

யே அண்ணன் என்னைத் திட்டவில்லை. "உங்க மூணாவது வந்துட்டா நிஜமாவே வாங்கிக்கலாம்னு இருக்கேன், தம்பி. எப்ப வருது?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். இப்போதெல்லாம் நான் சொல்லும் பதில்கள் எல்லாமே இந்த மாதிரிதான் இருக்கின்றன.

மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது மூன்றாவது சிப்பின் நினைவகப் பகுதியை, பெயர் சொல்லாமல், கரும்பலகையில் வரைகிறேன். நன்றாக இருக்கிறது அக்கா. இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஒரே கேள்வி. அது உயிரோடு இருக்கிறதா?

போஜென்

*

சின்ஜூ,
28 ஏப்ரல் 2024

போஜென்,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

இல்லை. மூன்றாவது சிப் இல்லை.

எப்படி நடந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். ஆனால் இன்றுதான் நடந்தது என்று காட்ட ஒரு நாள்கூட இல்லை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தூ ஒரு போன்கூடச் செய்யவில்லை. ஆணையத்தின் நிபந்தனை எதையும் யாரும் மீறவில்லை. பார்வையாளராக வரும் மனிதர் ஓரமாக உட்காருவார், தொழில்நுட்பப் பேச்சு வந்தால் தானே எழுந்து வெளியே போய் நிற்பார். ஒழுங்கான மனிதர்.

கூட்டுத் திட்டத்துக்கு ஆள் கேட்டார்கள். நல்ல ஆட்களைக் கொடுத்தேன். அந்த வேலைக்கு ஆலையில் உடனே இடம் கிடைத்தது; மூன்றாவதுக்குக் கேட்டால் வரிசை. உடனே முடிகிற வேலையை முதலில் முடிப்பதுதானே முறை? இன்னும் ஆறு பேரைக் கொடுத்தேன். வாடிக்கையாளர்கள் மூன்றாவதைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார்கள். நாம் ஹாவ்தெங்கின் வீட்டு ஆள் என்று அவர்களே முடிவுகட்டிவிட்டார்கள். யாரும் கேட்காத சிப்புக்கு ஆள் எதற்கு என்று மேலும் ஐந்து பேர். ஒவ்வொரு முறையும் நான் எடுத்தது சரியான முடிவு. எந்த நாளையாவது காட்டி, இங்கே தப்பு செய்தாய் என்று நீ சொன்னால் உன்னோடு சண்டை போடுவேன்.

இந்த மாதம் பூகம்பத்தன்று பின்னதிர்வுகளுக்குப் பயந்து எல்லாரும் வாகன நிறுத்தத்தில் நின்றோம். குழு குழுவாக நின்று ஆள் எண்ணச் சொன்னேன். உன் குழு இருக்கும் மூலையில் முன்பெல்லாம் முப்பது பேர் நின்று உரக்கப் பேசிக்கொண்டிருப்பார்கள். அன்று ஷூஃபென் நின்றாள், கூட ஆறு பேர். "எல்லாரும் இருக்கோம் தலைவரே" என்றாள். நான் சரி என்று எழுதிக்கொண்டேன்.

ஆனால் கடைசிக் காரியத்தைச் செய்தது நான். அது பூகம்பத்துக்கும் முன்னால், மார்ச்சில். இந்த ஆண்டின் திட்டத்தை இயக்குநர் குழுவில் வைக்க வேண்டும். மூன்றாவதுக்கு ஒரு பக்கம் இருந்தது. லிஃப்டில் போகும்போது, அந்தப் பக்கம் வந்தால் பார்வையாளர் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். கதவு திறப்பதற்குள் அந்தத் தாளை உருவிக் கைப்பையில் வைத்துவிட்டேன். கூட்டத்தில் ஒருவரும், மூன்றாவது எங்கே என்று கேட்கவில்லை. நீ இருந்திருந்தால் கேட்டிருப்பாய். நீ இல்லாமல் போனதும் என்னால்தான்.

என்னை யாரும் மிரட்டியிருந்தால் நான் எதிர்த்திருப்பேன், போஜென். நீ என்னைப் பார்த்திருக்கிறாய், நான் பயந்தவள் இல்லை. அவர்கள் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுவேன் என்று எனக்கே தெரியாது.

உன்னைப் பொய் சொல்ல வைத்தேன். அதற்கு விலையாக நான் கொடுத்த வாக்கையும் காப்பாற்றவில்லை. மன்னிப்புக் கேட்கும் இடத்தைக்கூடத் தாண்டிவிட்டேன்.

சியூயுன்

*

காவ்சியுங்,
11 ஜூன் 2024

அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

போன வாரம் தைபே போனேன். யாரும் அழைக்கவில்லை. யாவைப் பார்க்க வேண்டும் என்று வரவேற்பில் சொல்லி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு என்னை நினைவிருந்தது. ஜூபேய் விருந்தில் தூ சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் எழுதி முடித்துவிட்டு, "போன வருஷம் ஞாபகம் இல்லைன்னீங்களே" என்றாள்.

"இருந்துச்சு. பொய் சொன்னேன்."

அதற்கு என்ன நடவடிக்கை வரலாம் என்று பொறுமையாக விளக்கினாள். சரி என்றேன். பிறகு, இந்த வாக்கியம் அன்றே கிடைத்திருந்தால் தடுத்திருப்பீர்களா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றாள். ஒருவேளை தடுத்திருந்தால் உங்கள் நிறுவனம் மூடியிருக்கும், அதற்காகவும் யாராவது இங்கே வந்து என்னிடம் அழுதிருப்பார்கள் என்றாள். முடிந்துபோன முடிவை மாற்ற இப்போது காரணம் இல்லையாம், நிபந்தனைகள் மீறப்படவில்லை என்பதால். கோப்பில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

வெறுங்கையோடு எழுந்தேன். வாசல்வரை வந்தவள் குரலைத் தாழ்த்தி, "உங்க தலைவர் வந்து பேசுவாங்களா? இது உங்களுக்காகக் கேக்கல. ஹாவ்தெங் இன்னொரு சின்னக் கம்பெனியில பங்கு வாங்க விண்ணப்பம் போட்டிருக்கு. பேப்பர்லயே வந்துடுச்சு" என்றாள்.

நான் உங்களுக்காகப் பதில் சொல்லவில்லை. கேட்கிறேன் என்று மட்டும் சொன்னேன். நீங்கள் அங்கே போனால் நாற்காலி போகும் என்று தெரியும். என்னிடம் ஒரு வருடம் முன்னால் நீங்கள் கேட்டது போல நான் உங்களிடம் எதையும் கேட்க மாட்டேன். இருப்பதைச் சொல்லிவிட்டேன்.

போஜென்

*

சின்ஜூ,
23 ஜூன் 2024

போஜென்,

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு யாவ் நேரம் கொடுத்திருக்கிறாள். விலகல் கடிதத்தை எழுதிவிட்டேன், போய்வந்த பிறகு கொடுப்பேன். ஷூஃபென்னிடம் மட்டும் சொன்னேன். அன்று மதியம் சாப்பிட அவள் என் பக்கம் வரவில்லை.

அந்தச் சின்னக் கம்பெனி ஜூபேயில்தான் இருக்கிறது. அதை நடத்துகிறவள் லியாவ் என்ற பெண், முப்பத்து நான்கு வயது. எனக்குத் தெரியும், ஏனென்றால் போன வாரம் அவளே என்னைத் தேடி வந்தாள். ஹாவ்தெங்கிடம் பங்கு கொடுத்த ஒரே ஆள் நான்தானே, என்னைத்தானே கேட்பாள்? ஒரு பெட்டி லிச்சிப் பழம் கொண்டுவந்தாள். அவர்களுக்கும் ஆலையில் இடமில்லை. அவர்கள் வங்கிக்காரரும் தேநீரைத் தொடவில்லை.

கையெழுத்துப் போடாதே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். போடாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டால் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி சொன்னேன், லிஃப்டில் உருவிய தாள்வரைக்கும். அவள் குறிப்பேட்டைத் திறந்து வைத்திருந்தாள், ஆனால் எழுதவில்லை. கடைசியில் கேட்டாள்: "கையெழுத்துப் போட்ட அன்னைக்கு உங்களுக்கு எப்படி இருந்துச்சு, அக்கா?"

உன்னிடம்கூட இதை நான் சொன்னதில்லை. நீ கதவை அறைந்துவிட்டுப் போயிருக்கிறாய், எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள், நான் பேனாவை மூடி வைக்கிறேன். அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். அவளிடம் அதைத்தான் சொன்னேன். வியாழக்கிழமை யாவிடமும் அதிலிருந்துதான் தொடங்கப் போகிறேன்.

சியூயுன்